வலமிருந்து இடமாக

என் தம்பியின் இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு முதல் கணு போனபோது நான் அங்கேதான் இருந்தேன். அன்று பட்டறைக்குப் போக எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் உட்கார முடியாமல்தான் போனேன்.

சிதம்பரத்தில் சீர்காழி போகும் சாலையோரம் தகரக் கொட்டகை போட்ட மரப் பட்டறை எங்களுடையது. என் கணவரும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். கணவருக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம், விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு மரவேலைக்கு வந்தவர். தம்பி கடலூர் முதுநகரில் எங்கள் அம்மா வீட்டிலிருந்து, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம் புதுச்சேரிக்குப் போய், ஒரு பர்னிச்சர் கம்பெனியில் மெஷின் பழகி வந்தவன். எனக்குக் கல்யாணம் ஆனதும் மாமாவும் மச்சானும் கூட்டாளிகள் ஆனார்கள். கதவு, ஜன்னல், பூசை அறைக் கதவு, சில சமயம் ஷோகேஸ்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. காலைச் சமையலை முடித்தால் மதியம் வரை எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. பாத்திரத்தை இடம் மாற்றி வைப்பேன். துணி காய்ந்துவிட்டதா என்று நாலு தரம் மாடிக்குப் போவேன். பிறகு பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுவேன். "டீக்கடை எதுத்தாப்லதான இருக்குது, நீ எதுக்கு அலையுற?" என்று கணவர் கேட்பார். நான் டம்ளரில் ஊற்றி நீட்டுவேன்.

பட்டறையில் எனக்குப் பிடித்தது தம்பியின் மேசை. ரூட்டர் என்பது கையில் பிடித்து மரத்தின்மேல் ஓட்டுகிற மெஷின். அதன் முனையில் விரல் தண்டிக்கு ஒரு பிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றி, மரத்தின் ஓரத்தை வளைவும் வரப்புமாகச் செதுக்கிவிடும். தம்பி அதைத் தலைகீழாகத் தடித்த பிளைவுட் மேசைக்கு அடியில் மாட்டி, நடுவில் ஓட்டை போட்டுப் பிட்டை மட்டும் மேலே நீட்டி வைத்திருந்தான். மெஷின் ஓரிடத்தில் நிற்கும், மரத்தை நாம் தள்ள வேண்டும். பிட்டுக்குப் பின்னால், மரம் சாய்ந்துகொள்ள ஒரு நேரான சட்டம். இரண்டு கையும் மரத்தைப் பிடிப்பதால் வேலை சீக்கிரம் முடியும் என்பான். கைக்கும் பிட்டுக்கும் நடுவே இருப்பது அந்த மரம் மட்டும்தான் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அவன் ஒரு பூசை அறைக் கதவின் மேல் வளைவுக்குத் துண்டு செதுக்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். வளைந்த துண்டு என்பதால் பின்னால் இருந்த சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கையால் பிட்டில் காட்டினான். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ரூட்டரின் சத்தம் ஒரே சுதியில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அது தொண்டை அடைத்ததுபோல் ஒரு கணம் தடுமாறியது. படார் என்று தகரச் சுவரில் எதுவோ மோதியது. திரும்பிப் பார்த்தால் தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"மாமா, அத ஆப் பண்ணுங்க" என்றான், ரொம்பச் சாதாரணமாக.

என் கணவர் அணைத்தார். பிறகு ரத்தத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் துண்டை எடுத்துத் தம்பியின் கையைச் சுற்றி இறுக்கி, சாலைக்கு இழுத்துப்போய் ஆட்டோ பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். படிக்கட்டில் ஏறும்போது, "அம்மாகிட்ட சொல்லாதக்கா" என்றான். எப்படிச் சொல்லாமல் இருப்பது? சாயங்காலம் அம்மா முதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கட்டுப் போட்டு அனுப்பியதும் அவனைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த மேசைமேல் ஒரு சாக்கு விழுந்தது. கணவர் அதன் பக்கம் போவதில்லை. பட்டறையின் அந்த மூலையைப் பெருக்கவும் மாட்டார். இத்தனைக்கும் தினமும் சுத்தமாகப் பெருக்கித் தூசி தட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிற மனுஷர். பிளெயின் கதவுகளைக் கையால் இழைத்துக் கொடுத்தார். ஓர வேலைப்பாடு கேட்டு வந்தவர்களிடம் "இப்ப மெஷின் ரிப்பேரு" என்றார். வந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள்.

"வித்துடலாம்" என்றார் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே. "புதுச்சேரிக்காரன் யாராச்சும் எடுத்துப்பான்."

"வித்துட்டு?"

"கையால செய்வோம். முன்னல்லாம் மெஷின்லயா செஞ்சாங்க?"

"தம்பி வந்து கேட்டா?"

"அவனுக்கு மிச்சம் இருக்குற விரலுக்கு நான் யாருகிட்ட பதில் சொல்றது?" என்று தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு பொருளைப் பார்த்துப் பயப்படுவது எனக்குப் பொறுக்காது. மறுநாள் டீ பிளாஸ்குடன் போய், தகரச் சுவரோரம் குப்பையைக் கிளறினேன். அந்த வளைவுத் துண்டு கிடைத்தது. ஒரு பக்கம் வழுவழுவென்று இருந்தது, அது பிட்டு ஒழுங்காகச் செதுக்கிய இடம். அதன் மறு நுனியில் மட்டும் எலி கடித்ததுபோல் பெரிய பெரிய கவ்வல். இரண்டும் ஒரே பிட்டு, ஒரே மரம். ஏன் இப்படி?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாக்கை நீக்கினேன். கணவர் வாசலிலிருந்து, "இந்தா, அங்க என்னா பண்ற?" என்றார்.

"பிளக் கையில இருக்குது, பாருங்க" என்று தூக்கிக் காட்டினேன். அவர் வேகமாகச் சாலைப் பக்கம் நடந்துவிட்டார்.

மெஷினை ஓட்டிப் பார்க்காமல் பிட்டு எந்தப் பக்கம் சுற்றும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெஷின் உடம்பில் ஓர் அம்புக்குறி இருந்தது. ஆனால் அது நேராகப் பிடித்து ஓட்டுவதற்கான அம்பு. தலைகீழாக மாட்டினால் நமக்கு எதிர்ப்புறமாகச் சுற்றும். குனிந்து, நிமிர்ந்து, கையால் காற்றில் சுற்றிச் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராக. நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற பிட்டின் பல், இடமிருந்து வலமாக ஓடுகிறது. அப்படியானால் மரம் அதற்கு எதிரே, வலமிருந்து இடமாக வர வேண்டும். சாக்கட்டியால் மேசைமேல் பெரிய அம்பு ஒன்று போட்டேன். பிறகு மனசு கேட்காமல் அன்றைக்கே பஸ் ஏறினேன், துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு.

முதுநகர் வீட்டில் தம்பி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான். கட்டு சின்னதாகியிருந்தது. அம்மா கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தார். துண்டை அவன் மடியில் போட்டேன்.

"ஏங்க்கா இத எடுத்துக்கிட்டு வந்த?"

"என்னா ஆச்சுன்னு சொல்லு."

"மெஷின் இழுத்துச்சு. அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையைக் காற்றில் வைத்து, அன்று நின்றதுபோல் நின்று, துண்டைத் தள்ளிக் காட்டினான். கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. நடுவில் அவனே நிறுத்திவிட்டான்.

நான் ஒரு சில்வர் டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்து, ஒரு தீப்பெட்டியை அவனிடம் கொடுத்தேன். டம்ளரை நான் கையால் திருகிக்கொண்டே இருந்தேன். "வலது பக்கத்துலேர்ந்து தள்ளு" என்றேன். தீப்பெட்டி டம்ளரில் உரசி உரசி, தயங்கித் தயங்கி நகர்ந்தது. அவன் தள்ளினால்தான் போனது; விட்டால் நின்றது. "இப்ப எடது பக்கத்துலேர்ந்து." வைத்ததுதான் தெரியும், டம்ளர் அதைத் தட்டி எடுத்துக்கொண்டு போய் வலப்பக்கம் விட்டது. அவன் விரல்கள் டம்ளரில் இடித்துக்கொண்டு நின்றன.

அவன் அந்த டம்ளரைத் தானே ஒரு தடவை திருகிப் பார்த்தான்.

"முனை பிச்சுக்குமோன்னுதான்க்கா கடைசில மட்டும் எடதுலேர்ந்து திருப்பிக் குடுத்தேன். வலதுலேர்ந்தே போனா கடைசில சிலும்பு பேந்துடும். முன்னாலயும் அப்படிக் குடுத்துருக்கேன், ஒண்ணும் ஆகல."

"பெரிய பலகையா இருந்திருக்கும். பிடிச்சு நிறுத்த எடை இருந்திருக்கும். இது உள்ளங்கை அளவு கூட இல்ல."

"புதுச்சேரில இதெல்லாம் சொன்னாங்க. வலதுலேர்ந்து எடதுன்னு சொன்னாங்க. ஏன்னு யாரும் சொல்லல."

அம்மா மீன் கத்தியோடு வாசலில் வந்து நின்றார். "அந்தப் பேச்சு இந்த வூட்டுல வாணாம்" என்றார். தம்பி தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் சிதம்பரம் வந்துவிட்டான்.

வந்தானே தவிர, மெஷின் முன்னால் நிற்க முடியவில்லை. சுவிட்சைப் போட்டதும் ஓரடி பின்னால் போனான். போட்டான், அணைத்தான், போட்டான், அணைத்தான். பிறகு சாக்கை இழுத்து மூடினான். அன்று சாயங்காலம் மூவரும் டீ குடிக்கும்போது நான் சொன்னேன்.

"நான் ஓட்டிப் பாக்குறேன்."

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பைத்தியமா உனக்கு?"

"தம்பி பக்கத்துல நிப்பான். எது எப்படின்னு அவன் சொல்லட்டும்."

"மச்சான், நீயே சொல்லு இவளுக்கு."

தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அக்கா ஓட்டும் மாமா" என்றான். கணவர் டீயை முடிக்காமலே எழுந்தார். வீட்டுக்கு அவர் தனியாக, எங்களுக்கு முன்னாலேயே நடந்துபோனார்.

நான் உடனே ஓட்டிவிடவில்லை. முதலில் நாங்கள் இரண்டு பேரும் மேசையைச் சீர் செய்தோம். பிட்டுக்கு மேலே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு மூடி. விரல் தவறிப் போனாலும் அதில்தான் இடிக்கும். ஒரு பலகையின் நுனியில் வரிசையாகக் கீறி, சீப்புபோல் ஆக்கி, மேசையில் இறுக்கினோம். அது மரத்தைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும், முன்னால் போக விடும், பின்னால் வர விடாது. மரத்தின் கடைசிப் பகுதியைத் தள்ள கைப்பிடி வைத்த ஒரு கட்டை. நுனி பேராமலிருக்க, தள்ளும் மரத்தின் பின்னால் இன்னொரு வீண் மரத்தை ஒட்டி வைத்துத் தள்ளினால் போதும், பேர்வது அந்த வீண் மரத்தில்தான் பேரும். சின்னத் துண்டு தேவைப்பட்டால் பெரிய பலகையிலேயே ஓரத்தைச் செதுக்கிவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்வது. இவ்வளவுதான். இதில் எதற்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மெஷினை ஓட விடாமலே வெறும் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளிப் பழகினேன். எந்த இடத்தில் கை மாற்றுவது, எங்கே கட்டையை எடுப்பது, கால் எங்கே இருக்க வேண்டும். தம்பி ஓரமாக நின்று, "கையி பிட்டு பக்கம் போவுது பாரு" என்று கத்துவான். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மரம் மட்டும் போக வேண்டும். கால் நிற்காத எனக்கு அதுதான் கஷ்டமான வேலை.

உடுப்பு இன்னொரு பிரச்சனை. சேலை ஆகாது, துப்பட்டாவும் ஆகாது. கணவரின் பழைய சட்டை ஒன்றைச் சுடிதார் மேல் போட்டு, கை நுனியை மடித்துப் பட்டன் போட்டுக்கொண்டேன். வளையலைக் கழற்றினேன். தாலியைச் சட்டைக்குள் போட்டு ஊக்கு குத்தினேன். கொண்டையைத் துணியால் கட்டினேன். காதில் பஞ்சு, கண்ணுக்கு வெல்டிங் கடையில் வாங்கின வெள்ளைக் கண்ணாடி. "கையுறை போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன். தம்பி அலறினான். "அதாங்க்கா வாணவே வாணாம். துணியில மாட்டுனா விரலோட இழுத்துக்கும்."

முதல் முறை சுவிட்சைப் போட்டபோது சத்தம் பாதத்தின் வழியாக ஏறியது. முழு ஆழத்தையும் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்று பிட்டைக் குறைவாக வைத்திருந்தோம். வேப்பம்பலகை. வலப்பக்கம் வைத்துத் தள்ளினேன். மரம் எதிர்த்தது. உயிருள்ள ஒன்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல. அந்த எதிர்ப்பு இருக்கும் வரை பயமில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியில் கட்டையால் தள்ளி முடித்து, சுவிட்சை அணைத்து, பிட்டு முழுதாக நிற்கும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஓரம் வழுவழுவென்று இருந்தது. தம்பி தன் கட்டைவிரலால் அதை முழு நீளமும் தடவினான்.

கணவர் பட்டறையில் இல்லை. நான் சுவிட்சில் கை வைத்ததும் வெளியேறி, புளியமரம் வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்திருக்கிறார். டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உன் வூட்டுக்காரரு ரோட்ட அளக்குறாரும்மா" என்றார்.

அது பழக்கமாகிவிட்டது. மெஷின் சத்தம் கேட்டால் அவர் சாலையில். நின்றதும் உள்ளே வருவார், என் கைகளைப் பார்ப்பார், தன் வேலைக்குப் போவார். ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் இதற்காகச் சண்டை வரும். "ஒரு தடவ நின்னு பாருங்க, பயம் போயிடும்" என்பேன். "எனக்குப் போவாது. நீ உன் வேலையப் பாரு" என்பார். மாமியாருக்கு விஷயம் எட்டியபோது அவர் போனில் என்னைத்தான் திட்டினார். நான் கேட்டுக்கொண்டே அடுப்படியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன்.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. நடுவில் தம்பியும் மெல்ல மெல்ல மெஷினுக்குத் திரும்பினான். முதலில் நீளமான பலகைகள் மட்டும். பிறகு எல்லாம். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். ஒன்றை மட்டும் வாய்ப்பாடாக வைத்திருந்தோம்: பிட்டுப் பக்கம் கை போகும் முன் பிளக் வெளியே.

அப்புறம் அந்தப் புயல் வந்தது, இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷக் கடைசியில். கடலூர் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு படுத்துவிட்டன. எத்தனையோ வீடுகளில் ஜன்னல் கதவுகள் பிய்த்துக்கொண்டு போயிருந்தன. பொங்கலுக்குள் எங்களுக்கு வந்து குவிந்த வேலை அதுவரை பார்க்காத வேலை. ஆனால் கரண்ட் இல்லை. கம்பங்கள் நிமிர்ந்து கரண்ட் வந்த பிறகும், அடுத்த வருஷம் முழுக்க அது இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதிப் பலகையில் மெஷின் நின்றுவிடும். நாங்கள் பட்டறையில் நடப்போம். நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஜன்னல் கேட்டவர்கள் போன்மேல் போன் போடுவார்கள். மழைக்குப் பாய் கட்டி வைத்திருக்கிறோம் என்பார்கள். தலைக்கு மேலே இருக்கும் பேன் எப்போது அசையும் என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும்.

அன்றும் அப்படித்தான். தம்பி ஒரு ஜன்னல் சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. சட்டத்தை உருவிச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாக்கா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றான். நானும் அவனும் எதிர்க்கடைக்குப் போனோம். எதிரே புளியமரத்தடியில் நின்றிருந்த கணவர், சத்தம் நின்றதும் உள்ளே போனார்.

சும்மா இருக்க முடியாத மனுஷர். கூட்டிக் குவித்தார். பிறகு, இத்தனை வருஷமாகத் தொடாத அந்த மூலைக்கும் போனார். ஏன் அன்றைக்கு என்று அவருக்கே தெரியாது. மேசைமேல் மரத்தூள் மேடாகக் கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், பெயிண்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே விட்டுப் பிட்டைச் சுற்றிச் சுத்தம் செய்யத் தொடங்கினார்.

எனக்குக் கடையில் முதலில் தெரிந்தது டீக்கடை ரேடியோ பாடத் தொடங்கியதுதான். அடுத்த கணம் எதிரே ரூட்டர் அலறியது. அதன் பிறகு தகரத்தில் ஒரு சத்தம். நான் அந்தச் சத்தத்தை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

சாலையில் வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. உள்ளே ஓடினால் அவர் மேசைக்கு முன்னால் நிற்கிறார், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. தம்பி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். நான் அவர் கையை விரித்தேன். ஒவ்வொரு விரலாக, நகத்தை, கணுவை, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. உள்ளங்கையில் பிரஷ் கைப்பிடி இழுத்துக்கொண்டு போன சிராய்ப்பு மட்டும். பிரஷ் சுவரோரம் கிடந்தது. மயிரே இல்லாமல், பாதிக் கட்டையாக.

"கரண்டுதான் இல்லயே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "கரண்டுதான் இல்லயே. கரண்டுதான் இல்லயே."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "மாமா, சுவிட்சு போட்டபடியே இருந்துச்சு மாமா. கரண்டு வந்தா அதுவா ஓடும் மாமா. கை வைக்கிறதுக்கு முன்னால பிளக்கப் புடுங்கணும்."

"யாரு சொன்னா எனக்கு?"

உண்மைதான். மூன்று பேர் புழங்கும் பட்டறையில் எல்லா முறைகளையும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம். பயந்து வெளியே நின்றவருக்கு ஒன்றுமே தெரியாது. மெஷினிடமிருந்து தள்ளியிருந்தால் போதும் என்று அவர் நினைத்தார், அவர் தள்ளியிருந்தால் போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அவர் அன்று வேலை பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறிவிட்டார். ஏன் போகிறார் என்று சொல்லவில்லை. போன் எடுக்கவில்லை. நான் அன்று பட்டறைக்கும் வீட்டுக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ. மெஷினை விற்றுவிடப் போகிறார் என்று நினைத்தேன். என்னை ஊருக்கு வரச் சொல்லி, எல்லாரையும் வைத்துப் பேசப் போகிறார் என்றும் நினைத்தேன்.

மறுநாள் மதியம் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் போர் மோட்டாருக்கு மாட்டும் ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று.

"அண்ணன் கொட்டாயில பழசு கெடந்துச்சு" என்றார். "மோட்டார் ஓடுறப்ப கரண்டு போனா இது லைன விட்டுடும். திரும்பக் கரண்டு வந்தாலும் ஓடாது. பச்சைய அமுக்குனாதான் ஓடும். ராத்திரி கரண்டுல தண்ணி பாய்ச்சறவங்க இதுல ஆட்டோன்னு ஒண்ணு மாட்டிக்குவாங்க, அதுவா ஓடட்டும்னு. நமக்கு அது வாணாம்."

தம்பி பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இது எனக்குத் தோணவே இல்ல மாமா."

"எனக்கும் தோணல. நேத்து அந்தப் பிரஷப் பாத்துக்கிட்டே நின்னப்பதான் தோணுச்சு."

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டினோம். எங்கே மாட்டுவது என்பதில் அவர்தான் பிடிவாதம் பிடித்தார். என்னை மேசை முன்னால் நிற்கச் சொல்லி, என் முழங்கால் உயரத்தைச் சாக்கட்டியால் குறித்தார். "கை ரெண்டும் மரத்துல இருக்கும். ஏதாச்சும் ஆனா முட்டியால சிவப்ப இடி." நான் இடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அதோடு விடவில்லை. மெயினை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் மெஷின் சும்மா கிடந்தது. அவருக்குத் திருப்தி இல்லை. "நெஜமா கரண்டு போயி வரட்டும், அப்பதான்" என்றார். அன்றைக்கென்று கரண்ட் போகவே இல்லை. வேலை மளமளவென்று நடந்தது. அவர் மட்டும் ஸ்டூலைப் போட்டு அந்தப் பெட்டி எதிரே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் பலகைமேல் பலகையாகத் தள்ளினேன். அவர் வெளியே போகவில்லை என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கரண்ட் போனது. சட்டத்தை உருவினேன். மூவரும் மேசையைச் சுற்றி நின்றோம். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பேன் சுற்றத் தொடங்கியது, விளக்கு வந்தது, எதிர்க்கடை ரேடியோ பாடியது. மெஷின் அசையவில்லை. கணவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு தம்பியிடம், "இருந்தாலும் பிளக்கப் புடுங்கு மச்சான்" என்றார்.

அந்த ஜன்னல்களில் ஒரு ஜோடி பிச்சாவரம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றுக்கு. குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் அவருமே கொண்டுபோனோம், தம்பி பட்டறையில் இருந்தான். புயலில் கூரை போன வீடு; புதுசாகத் தளம் போட்டு, ஜன்னலுக்குப் பதில் தார்ப்பாய் தொங்கியது. அவர் மாட்டி, கீலைச் சரிபார்த்து, மூடித் திறந்து காட்டினார். வீட்டுக்கார அம்மா ஓரத்தில் இருந்த வேலைப்பாட்டை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இந்தப் பள்ளத்துல மண்ணு உக்காரும். யாரு தொடைக்கிறது?"

"ஈரத்துணி போட்டுத் தொடச்சா போயிடும்மா" என்றேன்.

"அடுத்த தடவ பிளெயினா குடுங்க. நீங்களா செய்றீங்க இத?"

"ஆமாங்க" என்றார் என் கணவர். "இவதான் செய்றா."

அந்த அம்மா என் கையைப் பார்த்தார். உள்ளே போய், வறுத்த இறால் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே சாப்பிட்டோம். வண்டிக்காரர் வேறு சவாரிக்குப் போய்விட்டதால் சிதம்பரத்துக்கு டவுன் பஸ்ஸில் திரும்பினோம்.

பஸ் கிளம்பியதும் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா சொன்னது சரிதான், பள்ளம் அவ்வளவு ஆழமாக இருக்கத் தேவையில்லை. கடல் காற்று அடிக்கிற ஊருக்கு வளைவு இன்னும் மொண்ணையாக, தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கு எந்தப் பிட்டு? புதுச்சேரியில் கிடைக்குமா? அவரை எழுப்பிக் கேட்கலாமா என்று தோன்றியது. வழியில் கிள்ளை ஊரைத் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுப்பிவிட்டேன்.